குசினியில் படித்த சட்டம்

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் பத்திரங்களைப் பதியும் லிகிதராக இருந்த காலத்தில் நான் எத்தனையோ பிரக்கிராசிமாரைப் பார்த்திருக்கிறேன். தீவுப்பகுதிச் சனங்களுக்கு வழக்குப் பேசுவதும் காணி உறுதி எழுதுவதும் அவர்கள்தான். அப்புக்காத்துமார் என்ற பெரிய வழக்கறிஞர்கள் யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும் நின்றுவிடுவார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள், கறுப்புக் கோட்டை மாட்டியதும் தங்கள் உயரம் ஒரு முழம் கூடிவிட்டதென்று நம்புகிறவர்கள். வழக்கைப் படிக்காமல் வந்து, எழும்பி நின்று, தொண்டையைச் செருமி, வழக்கை வேறு நாளுக்குத் தள்ளச் சொல்லித் தவணை கேட்பார்கள். அதைக்கூடச் சிலர் பிழையான வழக்கில் கேட்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் மதித்தவர் ஒருவர்தான். அவரும் அன்பான மனுஷி என்று சொல்லமாட்டேன்.

சறோஜினிதேவி கரம்பொன்னைச் சேர்ந்தவர். தகப்பன் கனகசபை தெற்கே பல தபால் கந்தோர்களில் வேலை பார்த்தவர். தனிச் சிங்களச் சட்டம் வந்தபிறகு அரசாங்க உத்தியோகத்தர்களைச் சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன் என்று சொல்லக் கனகசபைக்குத் துணிவில்லை. எழுதினார், சித்தியடையவில்லை, வயதாகுமுன்பே பென்சனோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒரே மகள் சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் தடுக்கவில்லை. பெருந்தன்மை என்று ஊரார் நினைத்தார்கள். தடுப்பதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும்.

கொழும்புச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் சறோஜினிதேவி நன்றாகவே சித்தியடைந்தார். ஆனால் பிரக்கிராசியாவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. பல வருட அநுபவமுள்ள ஒரு பிரக்கிராசி தன்னிடம் பயிலுநராகச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் இவர் ஒழுங்காகப் பயின்றார் என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். அறுபத்தைந்தாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற பிரக்கிராசிமாருக்கெல்லாம் அவர் விண்ணப்பம் எழுதினார். நல்ல இங்கிலிசில், தாமே தட்டச்சில் அடித்து அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. ஆகவே தகப்பனைக் கூட்டிக்கொண்டு நேரில் போனார். தனியே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் போனது முற்றவெளிக்குக் கிட்ட இருந்த பெரிய கந்தோருக்கு. அந்தப் பிரக்கிராசி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"கரம்பொன் ஐயா," என்றார் கனகசபை.

"ஓ, தீவோ." அந்த இரண்டு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தீவாக்களுக்கெண்டு அங்கை வழக்குப் பேச ஒரு கோடு கட்டிக் குடுத்திருக்குத்தானே. பிறகேன் இஞ்சை வாறியள்?"

"உங்கட வெளிவாங்கில காத்திருக்கிற ஆக்களைக் கேட்டுப் பாத்தனான்," என்றார் சறோஜினிதேவி. "அரைவாசிப் பேர் தீவாக்கள்தான். அவையளை உள்ளுக்கு எடுக்கிறியள்தானே."

அதோடு அந்த நேர்முகம் முடிந்தது.

இரண்டாமவர் மரியாதையானவர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், ஆனால் பேசியது முழுக்கத் தகப்பனோடுதான். பெட்டைக்கு வயதென்ன, எந்தப் பகுதி ஆட்கள், தாய்வழியில் யார் யார் என்று விசாரித்துவிட்டு, "சாதகம் கொண்டு வந்தனியளோ?" என்று கேட்டார். "என்ர தமக்கையின்ர மகன் கச்சேரியில அரசாங்க உத்தியோகமா இருக்கிறான். பொம்பிளை கொஞ்சம் கூடப் படிச்சிருந்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுறான், நல்ல பெடியன்." மேசையின் மேல் சறோஜினிதேவியின் விண்ணப்பம் கிடந்தது. அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தார்.

மூன்றாமவர் ஒரு தாளைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்து கொடுத்ததும் மிகவும் திருப்திப்பட்டு, தட்டச்சுக்காரியாக அடுத்த திங்கட்கிழமையே வரலாம், பயிலுநர் என்ற கதையெல்லாம் வேண்டாம் என்றார். தான் ஒரு உபகாரம் செய்வதாகவே அவர் உண்மையாக நினைத்தார். இப்படியானவர்களைத் திருத்தவும் ஏலாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கனகசபை மெல்லச் சொன்னார்: "அந்தக் கச்சேரிப் பெடியனை ஒருக்கா விசாரிச்சுப் பாப்பமோ?"

"இண்டைக்கு முழுக்க எனக்காக நீங்கள் வாய் திறக்கேல்லை, அப்பா. இதுக்காகவும் திறந்திருக்கத் தேவையில்லை."

இதையெல்லாம் பிற்காலத்தில் சறோஜினிதேவியே எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிரிக்கமாட்டார். நான் சிரித்தால் ஏனென்று கேட்பார்.

கடைசியில் அவரைச் சேர்த்துக்கொண்டவர் ஊர்காவற்றுறைப் பிரக்கிராசி பரமலிங்கம். அவருக்கு இரக்கம் பிறந்துவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். பரமலிங்கம் இங்கிலிசு பேசினால் கேட்க நன்றாயிருக்கும், எழுதினால் நீதவானுக்குத் தலையிடி வரும். வழக்குப் பத்திரங்களை எழுதித்தரச் சம்பளமில்லாத ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

"நீர் வரலாம்," என்றார் அவர். "ஆனா கந்தோரில இருக்க ஏலாது. கட்சிக்காரர் வருவினம். ஒரு பொம்பிளைப்பிள்ளைக்கு முன்னாலை அவையள் விசயத்தைத் திறந்து கதைக்கமாட்டினம்."

"அப்ப எங்கை இருக்கிறது?"

"உள்ளுக்கு அம்மா இருக்கிறா. குசினிப் பக்கம் நல்ல காத்தோட்டம்."

அம்மா என்றது அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளையை. புங்குடுதீவு மடத்துவெளியில் பெரிய காணிக்கார வீட்டிலே பிறந்தவர். பரமலிங்கத்தின் கல்வீடும், காரும், முன்விறாந்தையின் சாய்மனைக் கதிரைகளும் அவருடைய சீதனத்தில் வந்தவை என்பது ஊரறிந்தது. பரமலிங்கத்துக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. இலட்சுமிப்பிள்ளைக்கும் கனகாலமாய் அதை நினைக்க வேண்டிய தேவை வரவில்லை. பிரக்கிராசியின் பெண்சாதி என்று கோயிலில் முன்வரிசையில் நிற்கக் கிடைத்ததே அவருக்குப் போதுமாயிருந்தது.

முதல்நாள் சறோஜினிதேவி புத்தகங்களோடு குசினிக்குள் வந்து நின்றார். இலட்சுமிப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பாதித் தேங்காயை நீட்டினார்.

"சும்மா இருக்கிற நேரத்தில இதைத் திருவும். சட்டம் படிச்ச கை தேங்காய் திருவாதோ?"

சறோஜினிதேவி திருவினார். அன்று மட்டுமல்ல, மூன்று வருடமாகத் திருவினார். முன்னறையிலிருந்து கடதாசிக்கட்டு வரும்போது திருவலையை ஒதுக்கிவிட்டு, மாப்பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுவார். எழுதியதைப் பரமலிங்கம் கையெழுத்திட்டுக் கொண்டுவருவார். என் கைக்குத்தான் அவை வரும். இந்த மனுஷனின் இங்கிலிசு எப்படித் திடீரென்று திருந்தியது என்று நீதிமன்றத்தில் நாங்கள் பேசிக்கொண்டோம். யாரோ அப்புக்காத்துவிடம் இரகசியமாக எழுதுவிக்கிறார் என்றே முடிவு செய்தோம். எங்கள் மூளையும் அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் நெடுந்தீவிலிருந்து கத்தரீனா என்றொரு பெண் புருஷனிடம் செலவுக்குப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்குக்கு வந்தாள். புருஷன் அவளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, அவளாகவே போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முன்னறையில் பரமலிங்கமும் அவருடைய எழுத்தரும், முறை காத்திருந்த இரண்டு ஆம்பிளைகளும் இருந்தார்கள்.

"அடிச்சவனோ இல்லையோ? ஓம் எண்டு சொல்லும், இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லும்," என்றார் பரமலிங்கம்.

கத்தரீனா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பொம்பிளையளோட இதுதான் கரைச்சல். வாய் திறக்கமாட்டினம், வழக்கு மட்டும் வெல்லவேணும்."

அவள் தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் வந்தாள். குசினி வாசலில் செம்பை வாங்கிக் குடித்தவள், உள்ளே தாள்களோடு ஒரு பெண் இருப்பதைக் கண்டு அப்படியே குந்திவிட்டாள். எங்கெங்கே அடித்தான், எதனால் அடித்தான், திருநாளன்று பூசை முடிந்து வந்தவளை மச்சாள் பார்த்திருக்க எப்படி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான் என்று எல்லாம் சொன்னாள். சறோஜினிதேவி இடையில் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"மச்சாள் கோட்டில வந்து சொல்லுவாவோ?" என்று மட்டும் கேட்டார்.

"கேட்டா வருவா. அவவுக்கும் தமையனோட கோவம்."

"அப்ப அழாமல் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

மச்சாள் வந்து சாட்சி சொன்னாள். நீதவான் தாபரிப்புக் கட்டளை கொடுத்தார். பரமலிங்கம் பிரக்கிராசிமாரின் அறையில் கோட்டைக் கழற்றிக்கொண்டு, "மனிசியின்ர முகத்தைப் பாத்த உடனேயே பிடிச்சிட்டன்," என்று சொன்னதை நானே கேட்டேன்.

அதன்பிறகு நெடுந்தீவு, நயினாதீவுப் பெண்கள் முன்வாசலில் பேரைப் பதிந்துவிட்டு நேரே பின்பக்கம் வரத் தொடங்கினார்கள். இலட்சுமிப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. கண்ட கண்டவர்களெல்லாம் குசினிக்குள் வருகிறார்கள் என்று முறைப்பட்டார். கட்சிக்காரர் கூடியதால் பரமலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவியின் முறைப்பாட்டை அவர் எந்த விஷயத்திலும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பயிற்சிக்காலம் முடிந்தது. அத்தாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டபோது பரமலிங்கம் நாளைக்கு என்றார். பிறகு திருவிழா முடியட்டும் என்றார். ஒருநாள் மனம் திறந்தார்.

"ஏன் அவசரப்படுறீர்? இன்னும் ஒரு வருசம் இரும். உமக்கு இன்னும் பழக்கம் காணாது. வெளியில போனா உம்மட்டை ஆர் வரப்போகினம்?"

சறோஜினிதேவி பத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்தநாள் ஒரு காணி வழக்கில் பரமலிங்கம் மறுமொழிப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தவணை. கட்சிக்காரர் வேலணையில் கொஞ்சம் செல்வாக்கான ஆள். எழுத்தர் கடதாசிகளைக் கொண்டுவந்து குசினியில் வைத்தார். மத்தியானம் வந்து பார்த்தபோது கடதாசிகள் வைத்தபடியே இருந்தன. பின்னேரமும் அப்படியே. சறோஜினிதேவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

பரமலிங்கம் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்தரமாகத் தன் வீட்டுக் குசினிக்குள் வந்தார். வாசல்நிலை தாழ்ந்தது என்பது தெரியாமல் தலையை இடித்துக்கொண்டார்.

"அது எழுதினீரோ?"

"இல்லை ஐயா. எனக்குப் பழக்கம் காணாது. பிழையா எழுதினா உங்கட பேர் கெட்டுப்போயிடும்."

"நீர் என்ன, என்னை வெருட்டுறீரோ?"

"இல்லை. திருவிறன்."

இலட்சுமிப்பிள்ளை அடுப்படியில் நின்றார். புருஷனுக்காகவும் பேசவில்லை, அந்தப் பெண்ணுக்காகவும் பேசவில்லை. கறியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பரமலிங்கம் தொடாமல் கிடந்த கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். தானே எழுதலாம் என்று நினைத்திருப்பார், பிறகு தன் இங்கிலிசை நினைத்திருப்பார். பேனையை எடுத்து அத்தாட்சிப் பத்திரத்தில் அங்கேயே கையெழுத்து வைத்தார். சறோஜினிதேவி கையைக் கழுவித் துடைத்து, மை காய்ந்ததா என்று பார்த்து, பத்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் மறுமொழியை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் காணி வழக்கில் பரமலிங்கம் வென்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

அறுபத்தொன்பதில் சறோஜினிதேவி சத்தியப்பிரமாணம் செய்து, ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்குப் பக்கத்து அறையில் பலகை தொங்கவிட்டார். "குசினியில படிச்ச சட்டம்" என்று பரமலிங்கம் நீதிமன்ற வளவில் சொல்லித் திரிந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பலர் எங்குமே சட்டம் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆம்பிளைகள் அவரிடம் வரக் கொஞ்சம் காலம் எடுத்தது. பெண்கள் முதல்நாளிலிருந்தே வந்தார்கள்.

எழுபத்தொன்றில் இலட்சுமிப்பிள்ளை வந்தார். காரில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். முன்னால் நாலு பேர் இருந்தார்கள். சறோஜினிதேவி அவரைக் கண்டும் முறையை மாற்றவில்லை. கடைசியாகக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ."

"என்ர தங்கச்சி தாலியறுத்தவள் எண்டு உமக்குத் தெரியும்தானே. அவளின்ர மேளுக்கு ஒரு சம்மந்தம் பொருந்தி வந்திருக்கு. மடத்துவெளியில என்ர சீதனக் காணியைப் பிள்ளைக்கு எழுதிக் குடுக்கப் போறன். எனக்கு ரெண்டும் பொடியள், ரெண்டுபேரும் லண்டனில. அவங்கள் பனங்காணிக்கு வரப்போறேல்லை."

"எழுதுங்கோவன்."

"அவர் விடமாட்டன் எண்டுறார். அதை வித்து மேல்மாடி கட்டப் போறாராம்."

யாழ்ப்பாணத்துத் தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுக்கே சொந்தம். ஆனால் அதை விற்பதற்கோ கொடுப்பதற்கோ புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால், பெண் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு நீதிபதியின் சம்மதத்தைப் பெறலாம். அப்படி மனுப்போட்டவர்கள் குறைவு. ஒரு பிரக்கிராசியின் மனைவி போட்டதாக நான் கேள்விப்பட்டதேயில்லை.

"வேற பிரக்கிராசிமார் இருக்கினமே," என்றார் சறோஜினிதேவி. "என்னட்டை ஏன் வந்தனீங்கள்?"

"கேட்டனான். எல்லாரும் அவரோட சாப்பிடுறவை. வீட்டை போய்ச் சமாதானமா இரு பிள்ளை எண்டு சொல்லுகினம்." இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "நீர் செய்வீரோ, மாட்டீரோ?"

கெஞ்சத் தெரியாத அந்தக் கேள்விதான் தனக்குப் பிடித்தது என்று சறோஜினிதேவி சொன்னார். மனுவை அன்றே எழுதினார்.

நீதிமன்ற அறிவித்தல் பரமலிங்கத்தின் கைக்குப் போனதும் ஊர்காவற்றுறை கலகலத்தது. அவர் கனகசபையிடம் ஆள் அனுப்பினார். கனகசபை மகளிடம் வந்து, "பெரிய இடத்துப் பகை எங்களுக்கு எதுக்கு?" என்றார்.

"பெரிய இடம் எண்டு நீங்கள் சொல்லுறது அந்த மனிசியின்ர சீதன வீட்டைத்தான்," என்றார் மகள்.

விசாரணை நாளில் நான் லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். என்னைப்போல ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு பொய்க்காரணத்தோடு வந்திருந்தார்கள். பரமலிங்கம் ஓர் அப்புக்காத்துவை அமர்த்தியிருந்தார். ஆனாலும் மறுத்ததற்குக் காரணத்தை அவரே சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருந்தது. குடும்பத்தின் நன்மைக்காக மறுத்தேன், பெண்களுக்குக் காணி விஷயம் விளங்காது என்றார். சறோஜினிதேவி எழும்பினார்.

"இந்தக் காணி யாருடையது?"

"எங்களுடையது."

"உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது?"

"மனைவியின் பெயர்."

"கடைசியாக எப்போது அந்தக் காணிக்குப் போனீர்கள்?"

பரமலிங்கம் தன் அப்புக்காத்துவைப் பார்த்தார். அப்புக்காத்து கடதாசிகளைப் பார்த்தார்.

"கலியாணம் முடித்த வருடம் போயிருப்பேன்."

"வடக்கு எல்லையில் என்ன இருக்கிறது?"

"வேலி."

"வடக்கே கடல்," என்றார் சறோஜினிதேவி. "வேலி இல்லை. குடும்பத்தின் நன்மைக்கு என்றீர்கள். அந்தப் பணத்தில் என்ன செய்ய இருந்தீர்கள்?"

பதில் மிகவும் மெதுவாக வந்தது. நீதிபதி உரத்துச் சொல்லச் சொன்னார். மேல்மாடி என்று உரத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பின்வாங்கிலிருந்து ஒருவர் இருமினார். நாங்கள் எல்லோரும் இருமினோம்.

நீதிபதி சம்மதம் கொடுத்தார். காணி தங்கையின் மகளுக்குப் போனது, கலியாணமும் நடந்தது. இலட்சுமிப்பிள்ளை நன்றி சொல்லிக்கொண்டு வருவார் என்று நான் நினைத்தேன். வரவில்லை. விசாரணை முடிந்து புருஷனோடு அதே காரில் வீட்டுக்குப் போனவர், மறுவாரம் கோயிலில் அதே முன்வரிசையில் நின்றார். கனகசபையின் மேளுக்கு ஒரு சம்பல் ஒழுங்காக அரைக்கத் தெரியாது என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இதைச் சறோஜினிதேவியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"அது உண்மைதான்," என்றார். "நான் மனுவுக்குத்தான் பொறுப்பு. அந்த மனிசி எப்பிடி இருக்கவேணும் எண்டதுக்கில்லை."

எழுபத்துநாலில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பேதத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் சட்டத்தரணி என்றாக்கினார்கள். பரமலிங்கம் உடனே புதுப்பலகை ஒன்று செய்வித்தார், பழையதைவிடப் பெரியது. அந்த வருடங்களில் சறோஜினிதேவியிடமும் பயிலுநர் விண்ணப்பங்கள் வரத்தொடங்கின. அவர் நல்ல எசமானி என்று சொல்ல ஏலாது. சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புவார். சேர்த்துக்கொண்டவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் திருப்பிக் கொடுப்பார், எங்கே பிழை என்று அவர்களே தேடவேண்டும். இரண்டு பெடியன்கள் ஒரு மாதத்துக்குள் ஓடிவிட்டார்கள். நாரந்தனைப் பெண்ணொருத்தி அழுதழுது நின்று பிடித்தாள், பின்பு மன்னாரில் நன்றாகத் தொழில் செய்தாள். கனிவாக இரண்டு வார்த்தை சொன்னால் என்ன என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"கதிரை குடுத்திருக்கிறன், மேசை குடுத்திருக்கிறன், மாசத்துக்குச் சம்பளம் குடுக்கிறன்," என்றார். "கனிவு வேணுமெண்டா வீட்டை போகட்டும்."

எழுபத்தொன்பதில் பரமலிங்கம் மாரடைப்பில் இறந்தார். இறந்த சட்டத்தரணிக்கு நீதிமன்றத்தில் எல்லோரும் எழும்பி நின்று அநுதாபம் சொல்வது வழக்கம். மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மேதை என்றார்கள், ஏழைகளின் காவலன் என்றார்கள். ஒருவர் அவருடைய ஆங்கிலப் புலமையைப் பற்றி நீளமாகப் பேசினார். முன்வாங்கில் இலட்சுமிப்பிள்ளை வெள்ளைச் சேலையோடு, லண்டனிலிருந்து வந்த மூத்த மகன் பக்கத்தில் இருக்க, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பரமலிங்கத்திடம் பயின்றவர் என்ற முறையில் சறோஜினிதேவியும் பேசவேண்டும் என்று நீதவான் கேட்டார். எங்களில் சிலருக்கு அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்ற ஆசை, சிலருக்குப் பயம்.

அவர் எழும்பினார்.

"நான் காலஞ்சென்ற பரமலிங்கம் அவர்களிடம் மூன்று வருடம் பயின்றேன். அவர் நீதிமன்றத்துக்கு ஒருநாளும் பிந்தி வந்ததில்லை."

அவ்வளவுதான். இருந்துவிட்டார். மகன் தாயின் பக்கம் திரும்பினான். இலட்சுமிப்பிள்ளை தலையை ஒருமுறை ஆட்டினார். அது சரி என்பதா, போதும் என்பதா என்று எனக்குத் தெரியாது.

நீதவான் பதினைந்து நிமிடம் ஒத்திவைத்தார். திரும்பக் கூடியபோது முதலில் கூப்பிட்டது நெடுந்தீவு மாட்டு வழக்கு ஒன்றை. ஒரே பசுவில் இருப்பது தங்கள் சூட்டுக்குறி என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவருக்குச் சறோஜினிதேவி தோன்றினார். மற்றவருக்குத் தோன்றிய சட்டத்தரணி தொண்டையைச் செருமித் தவணை கேட்டார். நீதவான் கொடுத்தார்.